காப்புக்கு வெளியே பதினோரு மாடு

பழனியில் எங்கள் குடும்பம் கோயில் ஊழியத்தில் இருந்தது. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோரும் சந்தனமும் விபூதியும் பஞ்சாமிர்தமுமாக மணக்க மணக்க வேலை பார்த்தார்கள். நான் ஒருவன்தான் கொடைக்கானல் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஆனேன். லீவில் வீட்டுக்குப் போனால் அம்மா கொல்லைப்புறத்திலேயே வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். குளித்துவிட்டு வந்த பிறகும் அப்பா ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். "கவர்மெண்டு உத்தியோகம்ப்பா" என்று நான் நெஞ்சை நிமிர்த்தினால், "மாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்பார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது வேறு யாருக்கும் பிரயோஜனப்பட்டதில்லை, எனக்கும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் மட்டும் பிரயோஜனப்பட்டது. மலைக்கு வரும் வெள்ளைக்காரர் யாராவது மாட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால், மாட்டுக்காரனுக்கும் அவருக்கும் நடுவில் நிற்பதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் கொடைக்கானலைத் தாண்டிய மேல்மலை ஊர்களில் வெக்கை நோய் கண்டது. மாட்டுக்கு வரும் நோய்களில் எமன் அதுதான். வாய் புண்ணாகும், கண்ணில் நீர் வடியும், பிறகு கழிச்சல். ஒரு வாரத்தில் தொழுவம் காலி. அப்போது இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் டென்மார்க் தேசத்து மாட்டு டாக்டர். கீழே சமவெளியில் ஒரு மிஷன் பண்ணையில் இருந்தவர். நெட்டை. அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். மற்றவர் அமெரிக்கர். கொடைக்கானலில் பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் நான்கு மட்டக்குதிரைகளும் பெரிய தொண்டையும் இருந்தன.

ஐரோப்பாவில் பல தேசத்து மாட்டு டாக்டர்கள் ஒன்றுகூடி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். ஒரு தேசத்தில் மாடு நோயில் விழுந்தால் உடனே மற்ற தேசங்களுக்குத் தந்தி அடிக்க வேண்டுமாம். எல்லையில் மாட்டை நிறுத்தி வாயைத் திறந்து பார்ப்பார்களாம். டென்மார்க் டாக்டர் இதை எனக்கு மிகுந்த பயபக்தியோடு விளக்கினார். அதே ஒற்றுமையை நம் மலைக்கும் கொண்டுவர வேண்டும் என்றார். வடக்கே செய்த தடுப்பு மருந்து ரயிலில் வந்தது. மரத்தூளில் புதைத்த ஐஸ் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஏறி வந்தது. குதிரை அமெரிக்கருடையது, ஊசி டென்மார்க்குடையது, உத்தரவு பிரிட்டிஷ் சர்க்காருடையது. இத்தனை தேசமும் சேர்ந்து ஒரு மாட்டைக் குத்தும்போது அதன் கொம்பைப் பிடிப்பது என் பொறுப்பு.

நோய் இன்னும் தொடாத ஊர் கவுஞ்சி. ஆனால் பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிட்டது. கொடைக்கானலிலிருந்து கவுஞ்சிக்கு ஒன்றரை நாள் பயணம். கையிலிருந்த ஐஸ் ஐந்து நாள் தாங்கினால் அதிசயம், ஐஸ் கரைந்தால் மருந்து செத்துவிடும் என்று டாக்டர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு பிற்பகல். ஊர்க்கோடியில் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

மேல்மலையில் மாடு வைத்திருப்பது பாலுக்காக அல்ல. இது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. முதலில் கண்ணில் பட்ட தொழுவத்தின் முன் அவர் நோட்டைத் திறந்து நின்றார். அந்தத் தொழுவத்துக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். அவர் புருஷன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் மனைவி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார், சொல்லாததற்கும் ஆட்டுவார்.

"இந்த மாடு எவ்வளவு பால் கறக்கும்னு துரை கேக்கிறார், அக்கா."

"பாலா? அது கன்னுக்குட்டிக்கில்ல!"

"அப்ப மாடு எதுக்காம்?"

"சாணிக்குத்தான். வேற எதுக்கு?"

டாக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். மறுபடியும் சாணி. மூன்றாவது தடவை அந்த அக்காவுக்கே கோபம் வந்துவிட்டது. "ஏன் கம்பவுண்டரய்யா, ஒங்க தொரைக்குக் காது மந்தமா? எரு இல்லாம வெள்ளப்பூண்டு எங்கிட்டு வெளையும்? உருளக்கெழங்கு எங்கிட்டு வெளையும்? வருசத்துல ஒரு ஒழக்குப் பாலக் குடிச்சா வயிறு நெறையுமா?" என்று ஒரு பிடி பிடித்தார். நான் இதை ஒன்றரை வரியில் சுருக்கிச் சொன்னேன். டாக்டர் யோசித்தார். பிறகு குனிந்து கூடையிலிருந்து ஒரு கை சாணியை எடுத்துப் பிசைந்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, நல்ல ஆரோக்கியமான மாடு என்றார். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தொரைக்கு மாடு தெரியும்" என்றார். என் நான்கு வருஷ உத்தியோகத்தில் எனக்கு யாரும் இப்படி ஒரு சர்டிபிகேட் கொடுத்ததில்லை.

அந்தத் தொழுவத்தில் பதினோரு மாடு. முன்பொரு வெக்கையில் அக்கா எல்லாவற்றையும் பறிகொடுத்தவர். பிறகு இரண்டு கன்றை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, அவை ஈன்றதில் பாதியைத் திருப்பிக் கொடுத்து, மிச்சத்தைப் பெருக்கி இந்தப் பதினொன்றை உண்டாக்கியிருந்தார். "இன்னொரு தடவ போச்சுன்னா எரு இல்ல, எரு இல்லன்னா வெள்ளாம இல்ல. நாங்க மலைய விட்டு எறங்க வேண்டியதுதான். ஊசியப் போட்டுவிடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். ஊசி வேண்டுமென்று தானாகக் கேட்ட முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கே ஒரு சிவலைப் பசு வயிறு தள்ளி நின்றது. அதற்கு எத்தனை மாதம் என்று பார்க்க டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஊர்த் தலைவரிடமிருந்து ஆள் வந்தது. மேல்மலையில் தலைவரை மன்னாடி என்பார்கள். வந்த பெரிய மனுஷர்களைக் கோயிலுக்கு அழைத்து வரச் சொன்னாராம். டாக்டரின் கை தோள்பட்டை வரை பசுவுக்குள் இருந்தபடியால் நானும் அமெரிக்கரும் மட்டும் போனோம்.

கோயிலில் மன்னாடி எங்கள் இருவருக்கும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். மலையில் வேப்பமரம் கிடையாது. அடிவாரத்திலிருந்து கொண்டுவந்த வேப்பிலை வாடிப்போய்க் கிடந்தது. அதில் ஒரு இணுக்கைக் கயிற்றில் செருகினார். அமெரிக்கருக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒரு வரவேற்பைத் தன் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்றார். அது வரவேற்பு இல்லை, காப்பு.

அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டாம் நாள் பொங்கல் வைத்து அவிழ்க்கிற வரைக்கும் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லைக்கு வெளியே ராத் தங்கக்கூடாது. பகலில் போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். வெளியூர் ஆளோ மாடோ உள்ளே வரக்கூடாது. எட்டு நாளும் கவிச்சி கூடாது. நான் இதை அமெரிக்கருக்கு விளக்கியபோது அவர் முகம் வாடிய வேப்பிலையைவிட மோசமாகிவிட்டது.

மறுநாள் காலை ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம். அமெரிக்கர் எழுந்து முதலில் பேசினார். தங்கள் தேசத்தில் நோய் வந்தால் அந்த வட்டாரத்து மாட்டையெல்லாம் சுட்டுக் குழியில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டி மூடிவிடுவார்கள், நோய் அத்தோடு ஒழியும் என்று கையால் துப்பாக்கி பிடித்துக் காட்டி முழங்கினார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஒங்க ஊர்க் குளுரு ஒடம்புக்கு ரொம்ப ஒத்துக்கிருச்சாம், துரை சொல்றார்" என்றேன்.

"அதுக்கா இம்புட்டுச் சத்தம்?" என்றார் மன்னாடி.

அமெரிக்கர் சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தால் அன்றைக்குச் சுண்ணாம்புக் குழிக்குள் போனது மாடாக இருந்திருக்காது. அடுத்து டாக்டர் எழுந்தார். அவருடைய கொள்கை வேறு. ஜனங்களிடம் எதையும் மறைக்கக்கூடாது, மருந்து எதில் செய்தது என்பது உட்பட. நான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. சரி, ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, இதையாவது உண்மையாகச் சொல்வோம் என்று சொல்லித் தொலைத்தேன். ஆட்டின் உடம்பில் வளர்த்து எடுத்த மருந்து.

மன்னாடி மெதுவாகக் கேட்டார்: "ஆட்டுலன்னா, கறியிலயா?"

"அப்படியும் சொல்லலாங்க."

"கம்பவுண்டரே, காப்பு மாட்டுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கு. மாடும் வெரதம். வெரதத்துல இருக்குற சீவனுக்குள்ள ஆட்டுக்கறிய ஊசியில ஏத்தச் சொல்றீங்களா? எட்டாம் நாளு நாங்களே கெடா வெட்டுவோம். அன்னைக்கி வந்து போடுங்க."

எட்டாம் நாள் வரைக்கும் ஐஸ் எங்கே இருக்கும்? நான் கத்தினேன், அதட்டினேன், சர்க்கார் உத்தரவு என்றேன். என் கோபத்தைப் பார்த்துக் கூட்டம் வேடிக்கை பார்த்ததே தவிர ஒரு ஆள் அசையவில்லை. டாக்டருக்குச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. நோட்டை எடுத்துக் காப்பின் விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வெளிமாடு உள்ளே வரக்கூடாது என்ற இடத்தில் பென்சில் நின்றது. எங்கள் ஆட்கள் வருஷக்கணக்கில் கூட்டம் போட்டு இதைத்தான் ஏற்பாடு செய்தார்கள், இங்கே ஒரு மஞ்சள் கயிற்றில் முடித்துவிட்டீர்களே என்றார். அதற்காக என்னைப் பாராட்டுவதுபோல் பார்த்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அமெரிக்கரின் பையைக் குதிரையிலிருந்து இறக்கியபோது அதில் ஒரு தகர டப்பாவைப் பார்த்தேன். மேலே மாட்டுத்தலை படம், உள்ளே அதன் கறி. அமெரிக்கர் குளிக்கப் போன சமயம் அதை எடுத்துக்கொண்டு எல்லை ஓடையைத் தாண்டி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன். எட்டு நாளும் கேப்பைக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே அவர் அந்த டப்பாவைத் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

அன்று மத்தியானம் அக்கா நேராக மன்னாடி வீட்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"மாமா, நெறமாசப் பிள்ளத்தாச்சி இருக்குற வீட்டுக்குக் காப்பு உண்டா?"

"கெடையாது. தீட்டு வந்துரும்ல? ஊருக்கு வெளிய போய்த்தான் இருக்கணும். ஒனக்குத் தெரியாததா?"

"காப்பு மாட்டுக்கும் சேத்துத்தானே கட்டியிருக்கு?"

"ஆமா."

"எஞ் செவல நெறமாசம். இன்னைக்கோ நாளைக்கோ. அது நிக்கிற கொட்டத்துக்குக் காப்பு எப்படிச் சேரும்? பதினொண்ணையும் ஓடைக்கு அங்கிட்டு ஓட்டிட்டுப் போறேன்."

மன்னாடியின் விதியை அக்கா மன்னாடிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். மன்னாடி பதிலுக்கு ஒரு கிடுக்கிப்பிடி போட்டார். "சரி தாயி. ராத்திரி மாட்டுக்கு யாரு காவல்? செந்நாய் திரியுது. ஊருல அம்புட்டுப் பேரு கையிலயும் காப்பு இருக்கு. யாரும் வெளிய தங்க முடியாதே?"

அக்கா என் மணிக்கட்டைப் பார்த்தார், கயிறு இருந்தது. அவர் புருஷனுக்கு இருந்தது. அமெரிக்கருக்கு இருந்தது. அப்போதுதான் எனக்கு மின்னல் வெட்டியது. ஊரிலேயே காப்பு இல்லாத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கட்டுகிற நேரத்தில் அது பசுவுக்குள் இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் பத்து மாட்டுக்கு அன்றைக்கே ஊசி போட்டோம். சிவலைக்கு மட்டும் டாக்டர் போட மறுத்துவிட்டார். மருந்து காய்ச்சலைக் கொடுக்கும், கன்று கலைந்துவிடும், ஈன்ற மறுநாள் போடலாம் என்றார். ஊருக்கே வழி திறந்துவிட்ட மாட்டுக்கு ஊசி கிடையாது. அக்கா சிவலையின் நெற்றியைச் சொறிந்துகொடுத்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் ஊருக்குத் திரும்பினார்.

மறுநாள் வெள்ளனே ஓடைக்கரைக்கு ஒருவர் இரண்டு மாட்டோடு வந்தார். பூம்பாறையில் அவருடைய பெரியப்பா முறையில் ஒருவர் இறந்துவிட்டாராம், ஆகவே அவர் மாட்டுக்கும் தீட்டாம். எப்போது இறந்தார் என்று கேட்டேன். போன வருஷம் என்றார். அடுத்து வந்தவரின் கிடேரி பருவத்துக்கு வந்துவிட்டதாம், அதை ஊருக்குள் வைத்திருப்பது அம்மனுக்கு மரியாதை இல்லையாம். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. "அந்த மாடுகளப் பிரிஞ்சு எங்க மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்க" என்றார். மத்தியானத்துக்குள் வரிசை நின்றது. டாக்டர் குத்தக் குத்த, நான் கொம்பைப் பிடிக்கப் பிடிக்க, அமெரிக்கர் ஊசியை வெந்நீரில் போட்டு எடுத்தார். பசியில் அவர் குரல் பாதியாகிவிட்டதால் வேலை அமைதியாக நடந்தது.

அதற்கடுத்த நாள் பிற்பகல் ஐஸ் பெட்டிக்குள் ஒரு விரற்கடை ஐஸ்தான் மிதந்தது. மருந்து ஒரே ஒரு மாட்டுக்கு மிச்சம். அது சிவலைக்கென்று டாக்டர் முதல்நாளே ஒதுக்கி வைத்தது. இன்றைக்குக் கன்று போட்டால், நாளைக் காலை வரை ஐஸ் தாங்கினால், போட்டுவிடலாம். ஆனால் சிவலை நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது.

அப்போது மன்னாடி வந்தார். கையில் ஒரு கிழட்டுக் காளை. வந்தவர் புல்வெளியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அங்கே அவருடைய ஆறு மாடும் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் வீட்டம்மா நேற்றே பின்வழியாக ஓட்டி வந்துவிட்டார் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. காடு கழனி சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குத் தொழுவத்தில் மாடு இல்லாதது மேய்ச்சலுக்குப் போனதாகத் தோன்றியிருக்கும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"இது ஒண்ணுதான் பாக்கி போல" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "இதுக்குக் காரணம் சொல்ல எனக்கு வாயி வரல கம்பவுண்டரே. நான்தானே காப்புக் கட்டுனவன்."

டாக்டர் மருந்துக் குப்பியை உயர்த்தி, சிவலையின் பக்கத்தில் நின்ற அக்காவிடம் காட்டினார். மருந்து அக்காவுடையது, அக்காதான் சொல்ல வேண்டும் என்றார். நான் அதை மொழிபெயர்க்கும்போது ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை, ஒரு வார்த்தை கூட விடவில்லை. எனக்கே அந்தக் குப்பி சிவலைக்குப் போக வேண்டும் என்றிருந்தது. இந்த மன்னாடி முதல்நாளே தலையசைத்திருந்தால் இந்தக் கஷ்டம் ஏது என்று மனசுக்குள் திட்டினேன்.

அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "காளைக்குப் போடுங்க தொரை, வெரசா. ஐஸு கரையுது" என்றார்.

"அக்கா, செவலைக்கு?" என்றேன்.

"என்ன கம்பவுண்டரய்யா, இதுகூடப் புரியலையா? அவரு கொட்டத்துச் செவருதான் எங் கொட்டத்துச் செவரு. அவரு காள நோவுல விழுந்தா மொதல்ல எட்டிப் பாக்குறது எஞ் செவலையத்தான். சுத்தி எல்லாத்துக்கும் போட்டுட்டா அதுக்குள்ள எங்கிட்டு வரும்?"

நான் இதைச் சொன்னதும் டாக்டர் காளைக்கு ஊசி போட்டார். நோட்டில் அன்றைக்கு அவர் எதுவும் எழுதவில்லை.

எட்டாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். கிடா வெட்டினார்கள். அமெரிக்கர் அன்று சாப்பிட்டதை அந்த ஊர் ரொம்ப நாள் பேசியது. டாக்டர் அத்தனை ராத்திரியும் மாட்டோடு ஓடைக்கரையில் கிடந்ததில் சளி பிடித்து, அக்கா காய்ச்சிக் கொடுத்த மிளகுக் கஷாயத்தில் தேறி, சமவெளிக்கு இறங்கிப் போனார். சிவலை அதுவரைக்கும் ஈனவில்லை.

காப்பு அவிழ்ந்த பிறகு ஊருக்குள் வர நோய்க்குத் தடையில்லை. ஓடைக்குக் கீழே இருந்த ஊரில் தொழுவங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அங்கே ஒரு ஆள் செத்த மாட்டின் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கவுஞ்சியில் ஊசி போடாத மாடு ஒன்றே ஒன்றுதான். உத்தரவு இல்லாமல், பயணப்படி இல்லாமல், அந்த ஒரு மாட்டின் ஈறைப் பார்ப்பதற்காக நான் மூன்று தடவை ஒன்றரை நாள் பயணம் போய் வந்தேன். போகும்போதெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே போவேன். இன்றோ நாளையோ என்று சொன்ன மாடு இத்தனை நாள் யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது? கடைசி வளைவு வந்ததும் திட்டு நின்றுவிடும். கொட்டகையில் அது நிற்பது கண்ணில் படுகிற வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

நான்காவது தடவை புது ஐஸும் புது மருந்துமாகப் போனேன். அக்கா வழியிலேயே நின்றிருந்தார். தலையில் சாணிக்கூடை. முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன அக்கா?" என்றேன்.

"கெடேரிக் கன்னு. நேத்து வெடியக்கால. தாயும் பிள்ளையும் நல்லாருக்கு" என்றார். நான் வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

"என்ன உக்காந்துட்டீங்க? எந்திரிங்க. மறுநா போடலாம்னு தொரை சொன்னாருல்ல? இன்னைக்குத்தான் மறுநா."